உறுப்பும் அணியும்: திருக்குறளின் நாடு, மருந்து அதிகாரங்களும் திருமுக்கூடற் கல்வெட்டும்

ஆய்வுச் சுருக்கம்

நோய்க்குப் பொறுப்பேற்க வேண்டியவர் யார் என்னும் வினாவிற்குத் திருக்குறள் இரண்டு இடங்களில் விடை தருகிறது. மருந்து அதிகாரம் (95) நோயை உண்பவனின் அளவறிவோடு இணைக்கிறது. நாடு அதிகாரம் (74) நோயின்மையை நாட்டின் அணிகளுள் முதலாவதாக எண்ணுகிறது. ஒன்று தனிமனிதனின் கடமை. மற்றொன்று அரசின் கடமை. இவ்விரண்டிற்கும் இடையே, நோயுற்றும் பொருளில்லாதவன் எங்கே நிற்கிறான் என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கல். பரிமேலழகர் உரையையும், 11ஆம் நூற்றாண்டின் திருமுக்கூடற் கல்வெட்டையும் துணையாகக் கொண்டு, குறளின் மருத்துவ அறமும் அரசியல் அறமும் நிலவனப்புப் பற்றிய கருத்தும் ஒரே சிந்தனையின் கூறுகள் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: திருக்குறள், மருந்து, நாடு, உறுப்பு, அணி, பரிமேலழகர், ஆதுலசாலை, திருமுக்கூடல்.

முன்னுரை

திருக்குறளின் மருத்துவக் கருத்துகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருந்து அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களோடு அமைந்துவிடுகின்றன. அரசியற் கருத்துகளை ஆராய்வோர் இறைமாட்சி, செங்கோன்மை, அமைச்சு முதலிய அதிகாரங்களை எடுத்துக்கொள்கின்றனர். நிலத்தின் அழகு பற்றிய ஆய்வுகளோ சங்க இலக்கியத் திணைக் கோட்பாட்டைச் சார்ந்து நடைபெறுகின்றன. இம்மூன்று துறைகளும் தனித்தனியே வளர்ந்தமையால் இவை கூடும் இடம் போதிய கவனம் பெறவில்லை.

அவ்விடம் நாடு என்னும் அதிகாரம். மலையும் நீரும் நிலவனப்பாக அங்கே இடம்பெறுகின்றன. பசியும் பகையும் அரசியலாக இடம்பெறுகின்றன. பிணி இருமுறை இடம்பெறுகிறது. எனவே அவ்வதிகாரத்தை மருந்து அதிகாரத்தோடு சேர்த்துப் படிப்பது பயனுடையது. அவ்வாறு படித்துப் பெறும் கருத்தை, நடைமுறையில் இயங்கிய ஒரு மருத்துவ அறக்கட்டளையின் சான்றோடு வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நெறி. கல்வெட்டைப் பொறித்தோர் குறளைப் பின்பற்றினர் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்தன்று. நூல் எழுப்பும் வினாவைக் கல்வெட்டு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே நோக்கம்.

மருந்து அதிகாரத்தின் இடம்

பரிமேலழகர் பொருட்பாலை அரசியல், அங்கவியல், ஒழிபியல் என மூன்றாகப் பகுக்கிறார். அங்கவியல் 64ஆம் அதிகாரமாகிய அமைச்சில் தொடங்கி, 95ஆம் அதிகாரமாகிய மருந்தில் முடிகிறது. அமைச்சு, நாடு, அரண், பொருள், படை, நட்பு என்னும் அரசின் அங்கங்களை விரித்துரைக்கும் 32 அதிகாரங்களின் இறுதியில் மருந்து நிற்கிறது. இவ்வதிகாரங்களை வேறு வகையில் பகுத்து, மருந்தைத் துன்பவியலுள் அடக்கும் மரபும் உண்டு. எப்பகுப்பைக் கொண்டாலும், மருந்து அறத்துப்பாலின் இல்லறவியலில் வைக்கப்படாமல் பொருட்பாலில் வைக்கப்பட்டிருப்பது மாறவில்லை. உடலைப் பேணுவது இல்லத்தின் எல்லையைக் கடந்து பொது வாழ்வைத் தொடும் செய்தியாகக் கருதப்பட்டது என்பதற்கு இவ்வைப்புமுறை ஒரு குறிப்பாகும்.

அதிகாரத்தின் முன்னுரையில் பரிமேலழகர் செய்யும் ஒரு வரையறை இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. நோய் பழவினையாலும் வரும், பிற காரணங்களாலும் வரும் எனக் கூறும் அவர், பழவினையால் வருவது அவ்வினை கழிந்தாலன்றித் தீராது ஆதலின், காரணங்களால் வரும் நோயே இங்குப் பேசப்படுகிறது என்கிறார். ஊழின் ஆற்றலை ஏற்கும் உரையாசிரியரே மருத்துவத்தின் களத்திலிருந்து அதனை விலக்கி நிறுத்துகிறார். காரணம் உண்டு எனின் அதனைத் தேடலாம். தேடலாம் எனின் தேடாமை குற்றமாகும். மருத்துவம் அறத்தின் பொருளாவது இப்படிநிலையில்தான்.

உண்பவனிலிருந்து மருத்துவனுக்கு

மருந்து அதிகாரம் உள்ளுக்குள் இரண்டு பகுதிகளை உடையது. முதல் ஏழு குறட்பாக்கள் (941–947) உண்பவனை நோக்கியவை. மிகுதியும் குறைவும் நோய் செய்யும். முன்னர் உண்டது செரித்தமை அறிந்து உண்டால் மருந்தே வேண்டா. பசியின் அளவு அறியாது மிக உண்பவனை நோயும் அளவின்றிச் சேரும் என்பன இப்பகுதியின் கருத்துகள். அளவு என்பதே இங்கு அறச்சொல்லாக நிற்கிறது.

இறுதி மூன்று குறட்பாக்கள் (948–950) மருத்துவனை நோக்கித் திரும்புகின்றன. நோய், அதன் காரணம், அதனைத் தணிக்கும் வழி ஆகியவற்றை ஆராய்ந்து பொருந்தச் செய்ய வேண்டும் என்பது 948ஆம் குறள். நோயுற்றவனின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றைக் கருதிச் செய்ய வேண்டும் என்பது 949ஆம் குறள். அளவு என்னும் சொல் இங்கும் வருகிறது. உண்பவன் அறிய வேண்டியது உணவின் அளவு. மருத்துவன் அறிய வேண்டியது மனிதனின் அளவு. தன்னைத் தான் அளந்துகொள்ளும் கடமை, பிறனை அளந்தறியும் கடமையாக வளர்கிறது.

948ஆம் குறளில் ‘நாடி’ என்னும் வினையெச்சம் மும்முறை பயில்கிறது. இதே சொல் அரசனுக்கு உரியதாகவும் வருகிறது. நாள்தோறும் நிகழ்வனவற்றை நாடி முறைசெய்யாத மன்னவனின் நாடு நாள்தோறும் கெடும் என்கிறது 553ஆம் குறள். குற்றத்தைத் தக்கவாறு நாடி, அது மீண்டும் நிகழாதபடி ஒறுப்பவனே வேந்தன் என்கிறது 561ஆம் குறள். நோயின் காரணத்தை ஆராய்வதும் குற்றத்தின் தன்மையை ஆராய்வதும் ஒரே சொல்லால் சுட்டப்படுகின்றன. இரண்டிலும் நோக்கம் தணித்தல். இரண்டிலும் அளவுக்கு மீறிய செயல் தீங்கு. செங்கோன்மையும் மருத்துவமும் ஒரே அறிவுமுறையைக் கோருகின்றன என்பது இதனால் பெறப்படும்.

நாற்கூறும் வரிசையும்

950ஆம் குறள் மருத்துவத்தை நான்கு கூறுகளாகக் காட்டுகிறது: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன். இந்நான்கும் வடமொழி மருத்துவ நூலாகிய சரக சங்கிதையிலும் நான்கு கால்களாகக் கூறப்பட்டுள்ளன. கருத்து இரு மரபிற்கும் பொதுவானது. ஆனால் வரிசை வேறு. சரகம் மருத்துவனை முதலிலும் நோயாளியை இறுதியிலும் வைக்கிறது. குறள் நோயுற்றவனை முதலில் வைக்கிறது.

செய்யுளின் எதுகை நோக்கி இவ்வரிசை அமைந்திருக்கலாம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்புப் பொருந்தக் கூடியதே. எனினும் முந்தைய 949ஆம் குறளும் நோயுற்றவனையே முதலில் நிறுத்தி, நோயையும் காலத்தையும் அவனுக்குப் பின் வைப்பதால், அடுத்தடுத்த இரு குறட்பாக்களிலும் காணப்படும் இம்முறையைத் தற்செயல் என்று தள்ளிவிட இயலவில்லை. மருத்துவ நூல் மருத்துவனுக்காக எழுதப்பட்டது. அது மருத்துவனிடமிருந்து தொடங்குகிறது. அறநூல் துன்புறுவோனிடமிருந்து தொடங்குகிறது.

பொருளுடைமை என்னும் தடை

நாற்கூறு ஒவ்வொன்றும் நான்கு இயல்புகளை உடையது எனப் பரிமேலழகர் விரிக்கிறார். தீர்ப்பவனுக்கு நோய் கண்டு அஞ்சாமை, கல்வியும் நுண்ணறிவும், பலமுறை தீர்த்த பயிற்சி, மனமொழிமெய்த் தூய்மை ஆகியவை வேண்டும். உடனிருப்பவனுக்கு முதலில் வேண்டுவது நோயாளியிடம் அன்பு. மருந்தின் இயல்புகளுள் ஒன்று அது எளிதிற் கிடைப்பதாக இருத்தல். இவை அனைத்தும் இன்றைய மருத்துவ அறவியலும் ஏற்கத்தக்கன.

நோயுற்றவனுக்குரிய நான்கனுள் மூன்று, மருத்துவன் சொல்வழி நிற்றல், தன் நோய்நிலையை உணர்த்துதல், மருந்தால் வரும் துன்பத்தைப் பொறுத்தல் என்பன. இவற்றிற்கெல்லாம் முதலாக உரையாசிரியர் வைப்பது பொருளுடைமை. குறளின் சொற்களில் இந்த நிபந்தனை இல்லை. நோயுற்றவன் என்ற அளவிலேயே அவன் மருத்துவத்தின் முதற்கூறாகிறான். உரையிலோ பொருள் உடையவனாதல் அவனது முதல் தகுதியாகிறது.

உரையாசிரியரைக் குறைகூறுவதற்காக இஃது இங்கு எடுத்துக்காட்டப்படவில்லை. மருத்துவ நூல் மரபில் வழங்கிய ஒரு நடைமுறை உண்மையை அவர் பதிவு செய்கிறார். மருந்திற்கும் மருத்துவனுக்கும் பணியாளனுக்கும் செலவு உண்டு. அச்செலவை யாரேனும் ஏற்க வேண்டும். ஆயினும் அவ்வுண்மை ஒரு வினாவை எழுப்புகிறது. பொருளில்லாதவன் நோயுற்றால் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒன்று குறைகிறது. அக்குறையை நிரப்புவது யார் கடமை? மருந்து அதிகாரத்தில் இதற்கு விடையில்லை. விடை நாடு அதிகாரத்தில் தேடப்பட வேண்டும்.

நாட்டின் உறுப்பும் அணியும்

நாடு அதிகாரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு குறட்பாக்கள் நாட்டை உடலாகக் கொண்டு பேசுகின்றன. 737ஆம் குறள் நாட்டின் உறுப்புகளைத் தொகுக்கிறது: மேலும் கீழுமாகிய இருவகை நீர், வாய்ப்புடைய மலை, அம்மலையிலிருந்து வரும் நீர், வலிய அரண். 738ஆம் குறள் அணிகளைத் தொகுக்கிறது: பிணியின்மை, செல்வம், விளைவு, இன்பம், காவல் என ஐந்து.

உறுப்பு, அணி என்னும் இரு சொற்களும் உடலுக்கு உரியன; கலைக்கும் உரியன. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை எண்ணித் தருகிறது; அணி என்பது செய்யுளின் அழகைக் குறிக்கும் சொல்லாகவும் வழங்குகிறது. இவ்வழக்குகளை நினைந்து படிக்கும்போது, குறள் நாட்டை இயற்கை தந்த உறுப்புகளின் மேல் மனித முயற்சி அணி சேர்க்கும் ஓர் ஆக்கமாகக் காண்பது புலனாகும். உறுப்புகளுள் அரண் ஒழிந்தன நிலத்தின் கொடை. அணிகளோ மலையைப்போல் தாமே நிலைத்து நில்லா. மக்களும் அரசும் பேணினாலன்றித் தங்கா.

இங்கு இரண்டு நுட்பங்கள் உள்ளன. முதலாவது, நிலவனப்பு என்பது கண்ணுக்கு இனிய காட்சியளவில் நிற்கவில்லை. அரணைக் கூறும் 742ஆம் குறளும் தெளிந்த நீர், வெளிநிலம், மலை, அழகிய நிழலையுடைய காடு ஆகியவற்றையே அரணாக எண்ணுகிறது. அழகும் காப்பும் ஒரே நிலப்பரப்பில் அமைகின்றன. இரண்டாவது, அணிகளின் வரிசையில் பிணியின்மை செல்வத்திற்கும் முன்னே நிற்கிறது. மக்கள் நோயுற்றிருக்கும் நாட்டின் செல்வம் நோயாளியின் மேல் பூட்டிய நகையை ஒக்கும்.

பிணியின்மை நிலத்தின் நன்மையால் வருவது எனப் பரிமேலழகர் விளக்குகிறார். இன்பம் என்பதற்கு விழா, வேள்வி, சான்றோர் ஆகியவற்றை உடைமையோடு நிலம், நீர் ஆகியவற்றின் நன்மையையும் காரணமாகக் கூறுகிறார். நிலமும் நீரும் கெடின் முதல் அணியாகிய நோயின்மையும் நான்காவது அணியாகிய இன்பமும் ஒருங்கே நீங்கும் என்பது இவ்வுரையின் உட்பொருள். நீரையும் நிலத்தையும் இணைத்தவர் உடலையும் உயிரையும் படைத்தவர் ஆவர் என்று பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் கூறிய அறிவுரை (புறநானூறு 18) இக்கருத்தின் முன்னோடியாகும்.

மிக்க பசி, நீங்காத பிணி, அழிக்கும் பகை ஆகிய மூன்றும் சேராததே நாடு என்பது 734ஆம் குறள். பிணிக்கு இங்குக் கொடுக்கப்பட்டுள்ள ‘ஓவா’ என்னும் அடை உற்று நோக்கத்தக்கது. பிணியே இல்லாத நாட்டைக் குறள் கற்பனை செய்யவில்லை. ஓயாது தொடரும் பிணியையே விலக்குகிறது. அளவறியாது உண்டவனுக்கு வந்த நோய் அவன் திருந்தினால் நீங்கும். ஊர் முழுவதும் பரவி நீங்காது நிற்கும் நோய் தனிமனிதனின் உணவு ஒழுக்கத்தால் மட்டும் தீராது. பசியையும் பகையையும் ஒட்டி அது எண்ணப்படுவதால், அவற்றைப் போலவே அதுவும் ஆள்வோரின் பொறுப்பாகிறது. தனிமனிதப் பொறுப்பு முடியும் எல்லையை இவ்வடைமொழி காட்டுகிறது எனலாம்.

இப்பொறுப்பை நிறைவேற்றும் கருவியையும் குறள் கூறுகிறது. பொருள் வரும் வழிகளை உண்டாக்கல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என்னும் நான்கும் அரசின் வன்மை என்பது 385ஆம் குறள். இவற்றுள் வகுத்தலே அறத்தின் சோதனை. தண்டிய பொருள் எவருக்குச் செல்கிறது என்பதில்தான் ஆட்சியின் தன்மை வெளிப்படுகிறது.

திருமுக்கூடல்: வகுத்தலின் ஒரு சான்று

காஞ்சிபுரம் மாவட்டத்தில் பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்று ஆறுகளும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் அமைந்துள்ளது. எதிர்க்கரையில் பழையசீவரம் மலையும் அதன்மேல் நரசிம்மர் கோயிலும் நிற்கின்றன. நீர், மலை, வருபுனல் என 737ஆம் குறள் எண்ணும் உறுப்புகளில் பல ஒருசேரக் காணப்படும் நிலம் இது. கூடலின் கரையில் கோயில் எழுப்பியோர் நிலத்தின் அமைப்பையே கலையின் பகுதியாக்கினர். தைப்பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதர் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வரும் விழா, இரு கரைகளையும் இன்றும் ஒரு காட்சியாக இணைக்கிறது.

இங்குள்ள வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராசேந்திர சோழனின் (1063–1070) 5ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு உள்ளது. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாயைக் கோயிற் செலவுகளுக்குப் பகுத்துரைக்கும் அது, வழிபாடு, விழா ஆகியவற்றோடு ஒரு கல்விச்சாலைக்கும், மாணாக்கர் விடுதிக்கும், வீரசோழன் என்னும் பெயருடைய ஆதுலசாலைக்கும் ஒதுக்கீடு செய்கிறது.

ஆதுலசாலைக்குரிய பகுதியை 950ஆம் குறளின் நாற்கூற்றோடு ஒப்பிட்டுக் காணலாம்.

நோயுற்றவர்: 15 பேர் படுத்திருந்து மருத்துவம் பெற இடமும் அவர்களுக்கு உணவிற்கான அரிசியும் ஒதுக்கப்பட்டன.

தீர்ப்பவர்: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்னும் மருத்துவனுக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், அறுவை மருத்துவம் செய்பவனுக்கு 30 கலம் நெல்லும் குறிக்கப்பட்டன.

மருந்து: ஏறத்தாழ 20 மருந்துகள் பெயர் சுட்டப்பட்டு, இருப்பில் வைக்கப்பட வேண்டும் என்று வரையறுக்கப்பட்டன. தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம் முதலியன அவற்றுட் சில. மூலிகை கொணர்வதற்கும் விறகு இடுவதற்கும் இருவர் அமர்த்தப்பட்டனர்.

உடனிருப்பவர்: நோயாளிகளைப் பேணும் பெண்டிர் இருவருக்கு ஊதியம் வகுக்கப்பட்டது. நாவிதன், நீர் கொணர்வோன் ஆகியோரும் இடம்பெறுகின்றனர். இரவில் எரியும் விளக்குக்கான எண்ணெயும் மறக்கப்படவில்லை.

நான்கு கூறுகளும் குறைவின்றி அமைந்துள்ளன. பேணுதல் ஊதியமுடைய பணியாக மதிக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. மூலிகை கொணர்வோரின் இடமும் சிறப்பானது. சுற்றியுள்ள நிலமே மருந்தின் முதல் என்பதை அவர்களின் ஊதியம் ஒப்புக்கொள்கிறது. இவை அனைத்திற்கும் மேலாக, நோயாளியின் பொருளுடைமை என்னும் நிபந்தனைக்கு இங்குத் தேவையில்லை. ஓர் ஊரின் வருவாய் அந்த இடத்தை நிரப்புகிறது. பரிமேலழகர் உரைக்கு முற்பட்ட இக்கல்வெட்டு, அவ்வுரை எழுப்பும் சிக்கலுக்கு நடைமுறையில் ஒரு தீர்வு இருந்தமையைக் காட்டுகிறது.

கல்வெட்டின் எல்லை

இச்சான்றைப் புகழ்வதோடு நிறுத்துவது ஆய்வாகாது. ஆதுலசாலையின் பயன் கோயிற் பணியாளருக்கும் அங்குப் பயின்ற மாணாக்கருக்கும் உரியதாக அமைந்தது. கல்விச்சாலையில் வேதமும் வடமொழி இலக்கணமும் பயிற்றப்பட்டன. ஆகவே அம்மாணாக்கர் யாவர் என்பது வெளிப்படை. வருவாயைத் தந்த வயலைக்காவூரில் ஏர் பிடித்தோரும் நாற்று நட்டோரும் நோயுற்றால் அப்பதினைந்து படுக்கைகளுள் ஒன்று அவர்களுக்குக் கிடைத்தது என்பதற்குக் கல்வெட்டில் குறிப்பில்லை. நெல்லை விளைத்தவர் ஒருவர். அந்நெல்லால் மருத்துவம் பெற்றவர் மற்றொருவர்.

குறளின் அளவுகோல் இங்கேதான் கூர்மை பெறுகிறது. பிணியின்மையைக் கோயிலின் அணியாகவோ அரண்மனையின் அணியாகவோ அது கூறவில்லை. நாட்டின் அணியாகக் கூறுகிறது. நாடு என்பதன் எல்லைக்குள் வாழ்வோர் அனைவரும் அடங்குவர். கோல் ஏந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பது வேல் ஏந்திய கள்வன் கேட்பது போன்றது எனக் கொடுங்கோன்மையைச் சாடும் நூல் (552), தண்டிய பொருளின் பயன் தந்தவனுக்குத் திரும்பாத நிலையை முழுமையான செங்கோன்மையாக ஏற்குமா என்பது ஐயத்திற்குரியது. நாற்கூற்றையும் நிறைவாக அமைத்த திருமுக்கூடல், முதற்கூறாகிய நோயுற்றவன் யார் என்ற வினாவிற்குக் குறுகிய விடையே தந்தது.

பொதுநலவாழ்வு என்னும் இக்காலக் கருத்தைப் பழைய நூலில் ஏற்றிக் கூறுவதாகாதா என்னும் தடை இங்கு எழலாம். மருத்துவமனை அமைக்க வேண்டும் என்று குறள் கூறவில்லை என்பது உண்மை. ஆயினும் நீங்காப் பிணியைப் பசியோடும் பகையோடும் நிரல்படுத்தியதும், நோயின்மையை அணிகளின் தலையில் வைத்ததும் நூலின் சொற்களிலேயே உள்ளவை. அக்கொள்கைக்கு எந்த நிறுவனம் வடிவம் தரும் என்பதை அந்தந்தக் காலத்திற்கு நூல் விட்டுவிடுகிறது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. மருந்து அதிகாரம் தனிமனிதனின் அளவறிவிலிருந்து மருத்துவனின் ஆராய்ச்சிக்கு நகர்கிறது. நாடு அதிகாரம் அதனைத் தொடர்ந்து அரசின் பொறுப்பிற்குக் கொண்டுசெல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தாலன்றிக் குறளின் மருத்துவ அறம் முழுமை பெறாது.

2. ‘நாடி’ என்னும் சொல்லாட்சி, மருத்துவனும் அரசனும் காரணம் தேடி அளவறிந்து செயற்பட வேண்டியவர் என்பதை உணர்த்துகிறது.

3. பரிமேலழகர் நோயாளிக்கு விதிக்கும் பொருளுடைமை குறளின் சொற்களில் இல்லாதது. அக்குறையை நிரப்பும் கடமை வகுத்தல் என்னும் அரசவினையில் அடங்கும்.

4. உறுப்பு, அணி என்னும் சொற்களால் குறள் நிலவனப்பை அறத்தோடு இணைக்கிறது. நிலத்தின் அழகு, அங்கு வாழ்வோரின் நலத்தால் நிறைவு பெறுகிறது.

5. திருமுக்கூடற் கல்வெட்டு நாற்கூற்று மருத்துவம் பொதுவருவாயால் இயலும் என்பதற்குச் சான்று. அதன் பயன் சிலரோடு நின்றமைக்கும் அதுவே சான்று.

முக்கூடலில் இன்று பாலாறு ஆண்டின் பெரும்பகுதியும் மணற்பரப்பாகவே காட்சியளிக்கிறது. கோயிலும் மலையும் நிற்கின்றன. அவற்றைக் கூட்டிய நீர் இல்லை. எல்லா நலன்களும் அமைந்திருப்பினும் ஆள்வோரோடு பொருத்தம் இல்லாத நாட்டிற்கு அவற்றால் பயனில்லை என்று நாடு அதிகாரம் முடிகிறது (740). உறுப்பே குறையும் காலத்தில் அணியைப் பற்றி எவ்வாறு பேசுவது என்பது, ஆற்றுப்படுகைகளின் நலத்தையும் மக்களின் நலத்தையும் ஒருங்கே நோக்கி மேலும் ஆராயத்தக்கது.